ஸ்கைரிமில் கல்யாணம் பண்ணுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம்

2011-ல் வந்த ஸ்கைரிம் என்ற வீடியோ கேமை இப்போதுதான் தொடங்குகிறவர்களுக்கு இது. ரிஃப்டன் ஊரில் மாராமல் என்ற பூசாரியிடம் 200 பொன்னுக்கு மாரா என்ற காதல் தெய்வத்தின் தாயத்து வாங்கி, அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, நமக்கு ஏற்கெனவே நட்பான, ஆட்டம் கல்யாணத்துக்கு அனுமதிக்கிற ஆளிடம் போய்ப் பேசினால் போதும், கல்யாணப் பேச்சு தானாக வரும். ஆணா பெண்ணா என்ற கட்டுப்பாடு கிடையாது.

ஆனால் அவசரப்படாதீர்கள். மாட் (ரசிகர்கள் செய்த மாற்றக் கோப்பு) போடாத ஆட்டத்தில் விவாகரத்து இல்லை, துணை செத்துவிட்டால் மறுமணமும் இல்லை. நம்மோடு சண்டைக்கு வரும் வீராங்கனை லிடியாவைக் கட்டிக்கொண்டு சண்டைக்கும் கூட்டிப்போகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள், ஏனென்றால் அவள் அடிபட்டு முழங்காலிட்டிருக்கும்போது நீங்கள் வீசிய நெருப்பு பட்டாலே உயிர் போய்விடும். கூடவே வந்து சண்டை போடும் துணைதான் வேண்டும் என்றால் என் தேர்வு மியோல் என்ற வீராங்கனை. ம்சின்சாலெஃப்ட் (Mzinchaleft) என்ற பழைய பாழிடத்தில் தொலைந்த அவளுடைய வாளை மீட்டுக் கொடுங்கள், வருவாள். அவளுக்குச் சாவே கிடையாது.

வீட்டில் இருக்கும் துணை கடை நடத்தி நாளுக்கு 100 பொன் தருவார், தினம் ஒரு வேளை சமைத்தும் கொடுப்பார். அதைவிடப் பெரிய லாபம், துணை இருக்கும் வீட்டில் தூங்கி எழுந்தால் 8 மணி நேரத்துக்குத் திறமைகள் எல்லாம் 15% வேகமாக வளரும். அப்புறம், நீங்கள் ஓநாய் மனிதராக மாறியிருந்தால் இந்தத் தூக்கப் பலன் கிடைக்காது.