குளக்கரையில் சும்மா உட்காருவது எப்படி?

ஆடிட்டர் ஆபீசில் கணக்கெழுதுகிறவன் நான். மாதம் 20-ஆம் தேதி நெருங்கினால், படுத்த பிறகும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் தலைக்குள் ஓடும். "வாக்கிங் போங்க" என்றார் டாக்டர். கோவை சிங்காநல்லூர் குளக்கரையில் கைவீசி நடந்தேன். காதில் ஹெட்செட், அந்தப் பக்கம் லைனில் ஆபீஸ் கிளையன்ட். மூன்று மாதத்தில் தேய்ந்தது செருப்பு மட்டும்தான். ஒருநாள் அதன் வாரும் அறுந்தது. வேறு வழியில்லாமல் கரையில் உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான் தூங்கினேன்.

ஆறரைக்குள் போய்விடுங்கள். காலை வெளிச்சம் கண்ணில் படுவதை வைத்துத்தான் உடம்பு பகல் எது, இரவு எது என்று பிரித்துக்கொள்கிறது. வெயில் முதுகுப் பக்கம் விழுகிற மாதிரி இடம் பிடித்தால் பறவைகள் தெளிவாகத் தெரியும். பழைய பேப்பர் ஒன்று வேண்டும், புல்லில் ஈரம் இருக்கும். கொசுவுக்கு முழுக்கைச் சட்டை. போனை வண்டி டிக்கியில் வைத்துப் பூட்டுங்கள். சைலன்ட்டில் போட்டுப் பையில் வைப்பதெல்லாம் ஏமாற்று வேலை.

முதல் பத்து நிமிடம் ஒன்றும் நடக்காது. நாம் வந்த சத்தத்துக்கு எல்லாம் ஒதுங்கியிருக்கும். எழுந்துவிடாதீர்கள். ஆகாயத்தாமரை அசையும். நெற்றி சிவந்த நீலத் தாழைக்கோழி, நீண்ட விரல்களை விரித்து, இலைமேல் அளந்து அளந்து நடந்து வரும். அப்புறம் முக்குளிப்பான். கைக்குள் அடங்கும்போல் ஒரு பழுப்புக் குஞ்சு வாத்து மாதிரி இருக்கும், ஆனால் வாத்தில்லை. 'டுபுக்'கென்று முங்கும். உடனே எண்ண ஆரம்பியுங்கள். எங்கே எழும் என்று மனதுக்குள் ஓர் இடமும் குறித்துக்கொள்ளுங்கள். பதினேழு வரை எண்ணியிருக்கிறேன். குறித்த இடம் மட்டும் ஒருநாளும் சரியாக வந்ததில்லை. ஆனால் எண்ணுகிற நேரத்தில் ரிட்டர்ன் ஞாபகம் வராது. நாளெல்லாம் இரண்டடி தூரத்துத் திரையையே பார்த்த கண்ணுக்கு எதிர்க்கரையைப் பார்ப்பதே ஓய்வு.

எவ்வளவு நேரம் என்பதற்கும் கணக்கு உண்டு. இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் விசாரித்த ஆய்வு ஒன்று 2019-இல் வந்தது. வாரம் 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் இருந்தவர்களில், உடம்பும் மனசும் நன்றாக இருப்பதாகச் சொன்னவர்கள் அதிகம். மொத்தமாக இருந்தாலும் துண்டு துண்டாக இருந்தாலும் ஒன்றுதான். நான் நாலு நாள், தலா அரை மணி.

சாக்கடை கலக்கிற பக்கம் நாறும், தள்ளி உட்காருங்கள். நாய்க்கு பிஸ்கட் போடாதீர்கள். மறுநாள் ஏழு வரும். குளம் பக்கத்தில் இல்லாதவர்களுக்கு ஒரு வேப்பமரமும் அதில் ஏறும் எறும்புச் சாரியும் போதும்.

போன ஞாயிறு வீட்டுக்காரம்மாவும் வந்தாங்க. ஐந்தாவது நிமிடமே "போலாங்களா?" முக்குளிப்பான் முங்கியதும் சத்தமில்லை. நான் பதினொன்று எண்ணும்போது கோரைப்புல் பக்கம் கை நீட்டி, "அங்கதாங்க வரும்" என்றார்.

அங்கேதான் வந்தது.