புரோகிரெசிவ் ரீலோடிங் பிரஸ் தடுமாறினால் எங்கே பார்ப்பது

புரோகிரெசிவ் பிரஸ் என்பது சுட்ட தோட்டாக்களின் காலி உறைகளில் பற்றவைக்கும் பிரைமரையும் பவுடரையும் குண்டையும் மறுபடி ஏற்றும் கருவி. அதன் கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் நான்கைந்து உறைகளில் நான்கைந்து வேலைகள் சேர்ந்தே நடக்கின்றன. அதனால் கோளாறு கண்ணில் படும் இடம் ஒன்றாகவும், அது பிறந்த இடம் இன்னொன்றாகவும் இருக்கும். உறை நின்று ஒவ்வொரு வேலையும் நடக்கும் இடத்துக்கு நிலை என்று பெயர். பவுடர் விழும் நிலையில் சிந்தியது, பிரைமரை நகர்த்திக் கொண்டுவரும் பிரைமர் ஸ்லைடுக்குள் இறங்கும். பிரைமர் முழுதாக அமராமல் துருத்தி நிற்கும். துருத்திய பிரைமர், உறைகளைத் தாங்கிச் சுழலும் வட்டத் தட்டான ஷெல் பிளேட்டைச் சுழலவிடாமல் உரசும். சுழலாத பிளேட்டைக் கழற்றித் துடைத்தால் போதாது, பவுடர் ஏன் சிந்தியது என்று பார்க்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் இது உரிமத்தோடு செய்யும் வேலை. 2000ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உங்கள் பெயரில் உரிமம் உள்ள துப்பாக்கிக்குப் பொருந்தும் தோட்டாக்களை மட்டுமே வைத்திருக்கலாம். ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டா என்பது பொது வரம்பு. அங்கீகரிக்கப்பட்ட அமைப்பில் 'டெடிகேட்டட்' (தொடர்ந்து ஈடுபடுபவர்) தகுதி பெற்ற வேட்டைக்காரர்களுக்கும் சுடும் விளையாட்டுக்காரர்களுக்கும் அதிலிருந்து விலக்கு உண்டு.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். கைப்பிடியின் அழுத்தம் வழக்கத்துக்கு மாறாகத் தெரிந்த கணமே நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்துப் பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம், அந்தப் பலம் ஒரு பிரைமரின் மேல் இறங்கலாம். பிறகு பிளேட்டில் இருக்கும் எல்லா உறைகளையும் வெளியே எடுங்கள். பவுடர் விழுந்த உறை எது, விழாதது எது என்று நினைவை நம்பி முடிவு செய்யக் கூடாது. 9 மி.மீ. உறையில் வேகமாக எரியும் பவுடர் இரண்டு மடங்கு விழுந்தாலும் வழியாமல் அடங்கிவிடும். பவுடரே விழாத தோட்டாவோ பிரைமரின் விசையாலேயே குண்டைக் குழலுக்குள் தள்ளி நிறுத்திவிடும். அடுத்த சூட்டில் குழல் வெடிக்கலாம். எடுத்த உறைகளின் பவுடரைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

ஷெல் பிளேட்

டில்லன் 550-இல் நான்கு நிலைகள், பிளேட்டைக் கையால் சுழற்ற வேண்டும். டில்லன் 750, ஹார்னடி லாக்-என்-லோடு ஏ.பி. இரண்டிலும் ஐந்து நிலைகள், பிளேட் தானாகச் சுழலும். எதுவானாலும் நடு போல்ட்டின் இறுக்கம்தான் உயிர்நாடி. டில்லனில் அது அதிகம் இறுகினால் பிளேட் பாதியில் நிற்கும். தளர்ந்தால் பிளேட் சாயும், பிரைமர் கோணலாக ஏறும், தோட்டாவின் நீளம் மாறிக்கொண்டே இருக்கும். டில்லனில் போல்ட்டைப் பிளேட் அசையாத அளவுக்கு இறுக்கி, அங்கிருந்து எட்டில் ஒரு சுற்று தளர்த்திப் பாருங்கள். பிளேட் தாராளமாகச் சுழல வேண்டும், விரலால் ஓரத்தைத் தூக்கினால் ஆட்டம் தெரியக் கூடாது. அந்த இடத்தில் சிறு பூட்டுத் திருகை இறுக்கிவிடுங்கள்.

தானாகச் சுழலும் பிரஸ்ஸில் பவுடர் சிந்தினால், பிளேட் அடுத்த நிலைக்கு 'டக்' என்று குதிக்கிறதா பாருங்கள். அடியிலுள்ள குண்டுமணியையும் ஸ்பிரிங்கையும் துடைத்து, துளி கிரீஸ் தடவினால் குதிப்பு குறையும். கைப்பிடியின் கடைசிப் பகுதியை நிதானமாக நகர்த்துவதும் உதவும்.

பிரைமர்

அதிகத் தொல்லை தருவது இந்த நிலைதான். சரியாக அமர்ந்த பிரைமர் உறையின் அடிப்பரப்பைவிட 0.1 முதல் 0.2 மி.மீ. உள்ளே இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் விரலை ஓட்டிப் பாருங்கள், துருத்தல் விரலுக்கே தெரியும். துருத்தலுக்குக் காரணங்களை இந்த வரிசையில் தேடுங்கள்: கைப்பிடியை முன்னே கடைசிவரை தள்ளாதது, பிரைமரை உறைக்குள் அழுத்தும் பஞ்ச் தண்டின் அடியில் சிக்கிய பவுடர்த் துகள், தளர்ந்த பிளேட், கடைசியாக உறை. ராணுவ உறைகளில் பிரைமரைச் சுற்றிப் பித்தளையை நசுக்கிப் பிடித்திருப்பார்கள். அந்த விளிம்பை, அழுத்தி விரிக்கும் ஸ்வேஜ் கருவியால் விரித்த பிறகே புது பிரைமர் ஏறும். துருத்திய பிரைமரைப் பவுடரும் குண்டும் ஏறிய தோட்டாவில் மறுபடி அழுத்தவே கூடாது. தோட்டாவைப் பிரித்து எடுங்கள்.

பிரைமர் வரவே இல்லையென்றால் பிரைமர்களை அடுக்கி வைத்த குழாயின் நுனியிலுள்ள பிளாஸ்டிக் முனை வளைந்திருக்கும், அல்லது ஸ்லைடு முழுதாகத் திரும்பியிருக்காது. குழாயில் சிக்கிய பிரைமர்களை இரும்புக் கம்பியால் குத்துவது மிக ஆபத்து. ஒன்று வெடித்தால் குழாயிலுள்ள 100-ம் சேர்ந்து வெடிக்கலாம். குழாயைக் கழற்றி விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். விழாவிட்டால் ஒதுக்கி வைத்துவிட்டுத் தயாரிப்பாளரிடம் கேளுங்கள். இந்த வேலை முழுக்கப் பாதுகாப்புக் கண்ணாடி கண்ணில் இருக்கட்டும்.

பழைய பிரைமர் வெளியே விழாமல் குழிக்குள்ளேயே திரும்பினால், அதைத் தள்ளும் டிகேப்பிங் ஊசி, உறை நுழையும் எஃகு அச்சான டையின் வாய்க்குக் கீழே ஏறக்குறைய 3 மி.மீ. நீட்டியிருக்கிறதா பாருங்கள். ஊசி அடிக்கடி ஒடிந்தால் உறைக்குள் கல் இருக்கும், அல்லது நடுத்துளைக்குப் பதிலாக இரு சிறு துளைகள் கொண்ட பெர்டன் உறை கலந்திருக்கும்.

பவுடர்

10 முறை பவுடரை விழவைத்து, மொத்தத்தை நிறுத்து 10-ஆல் வகுத்துச் சராசரியைச் சரிசெய்யுங்கள். அதன்பின் தனித்தனியாகவும் நிறுங்கள், ஏனென்றால் சராசரி சரியாக இருந்தும் தனி அளவுகள் தாறுமாறாக இருக்கலாம். பவுடரை நிறுக்கும் சிறு அலகான கிரெயினில் 0.1 ஏற்ற இறக்கம் இயல்பு. அதைத் தாண்டினால் பவுடரை அளந்து தள்ளும் பவுடர் பார் முழுதாகப் போய்த் திரும்புகிறதா, அளவுப்பெட்டியைப் பிடிக்கும் திருகுகள் தளர்ந்தனவா என்று பாருங்கள். குச்சி வடிவப் பவுடர் அளவு அறையின் வாயில் பாலம்போல் சிக்கிக்கொள்ளும். பவுடர் நிரப்பும் தொட்டியான ஹாப்பரில் பவுடர் பாதிக்குக் கீழே இறங்கினாலும் அளவு நழுவும்.

ஊரும் இதில் பேசும். ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியாவின் வறண்ட குளிர்காலத்தில் பிளாஸ்டிக் ஹாப்பரின் சுவரில் பவுடர் ஒட்டிக்கொள்ளும், நிலைமின்சாரம்தான் காரணம். துணி உலர்த்தும் மெஷினில் போடும் தாளால் உள்ளே துடைத்தால் தீரும். டர்பனின் கடற்காற்றில் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் ஷெல் பிளேட்டும் அதைத் தூக்கும் தண்டான ராமும் துருப்பிடிக்கும், வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடையுங்கள். எந்த ஊரிலும் வேலை முடிந்ததும் ஹாப்பரிலுள்ள பவுடரை அதன் சொந்த டப்பாவிலேயே கொட்டிக் காலி செய்யுங்கள். தென்னாப்பிரிக்கத் தயாரிப்பான சோம்செம் பவுடர்களில் ஒன்று இன்னொன்றோடு கலந்தால் பவுடர் அளவு அட்டவணையில் அதற்கு அளவே கிடையாது.

ஐந்து நிலை பிரஸ்ஸில், உறையில் விழுந்த பவுடரைச் சோதிக்கும் பவுடர் செக் டை போட இடம் உண்டு. நான்கு நிலையில் உறைக்குள் வெளிச்சம் விழும்படி சிறு எல்.இ.டி. விளக்கைப் பொருத்தி, குண்டு வைக்குமுன் ஒவ்வொரு உறைக்குள்ளும் பாருங்கள்.

நீளமும் கிரிம்பும்

தோட்டாவின் நீளம் ஏறி இறங்கினால் உடனே, குண்டை அமர்த்தும் சீட்டிங் டையைத் திருகாதீர்கள். எல்லா நிலையிலும் உறை இருக்கும்போது பிளேட் ஒரு விதமாகவும், ஒன்றே இருக்கும்போது வேறு விதமாகவும் சாயும். ஆகவே எல்லா நிலையும் நிறைந்த நேரத்தில் வந்த தோட்டாவையே அளந்து சரிசெய்யுங்கள். 9 மி.மீ. தோட்டா 29.69 மி.மீ. தாண்டக் கூடாது. உங்கள் குண்டுக்கு உரிய நீளத்தை அட்டவணையில் பாருங்கள், நீளம் குறையக் குறைய அழுத்தம் ஏறும்.

குண்டின் பக்கத்தில் செம்பு சீவப்பட்டால் உறையின் வாய் போதுமான அளவு விரியவில்லை. உறை சீட்டிங் டைக்குள் நுழைய மறுத்தால் அதிகம் விரிந்துவிட்டது. விரிந்த வாயை மறுபடி குறுக்கும் கிரிம்புக்குப் பின் வாயின் வெளிவிட்டம் 9.6 மி.மீ. அருகில் நிற்கட்டும். குண்டை மேஜையில் ஊன்றிக் கட்டைவிரலால் அழுத்தி மீண்டும் நீளத்தை அளந்து பாருங்கள். நீளம் குறைந்தால் குண்டின் பிடிப்பு போதவில்லை. கிரிம்பை இன்னும் இறுக்கினால் சில வேளை பிடிப்பு மேலும் தளரும், உறையைச் சரியான அளவுக்குக் குறுக்கும் சைசிங் டையையும் வாயை விரிக்கும் பிளக்கையும் பாருங்கள்.

பழுது நீக்கியபின் பிரைமரும் பவுடரும் இல்லாமல் உறைகளை மட்டும் ஓட்டிப் பாருங்கள். பிறகு 10 தோட்டா செய்து, பவுடரை எடை போட்டு, நீளம் அளந்து, கழற்றிய குழலின் அறைக்குள் ஒவ்வொன்றையும் போடுங்கள். தானாக விழுந்து, தலைகீழாகக் கவிழ்த்தால் தானாக வெளியே வர வேண்டும்.