கிரெடிட் கார்டு பாக்கியை செட்டில்மென்ட்டில் முடிப்பது எப்படி?

"மொத்தமா கட்டுனீங்கன்னா பாதியில முடிச்சுத் தர்றோம் சார்." இப்படி ஒரு போன் வந்திருந்தால் உடனே கட்டிவிடாதீர்கள். என் கார்டு பாக்கியை நானும் செட்டில்மென்ட்டில்தான், அதாவது பேரம் பேசிக் குறைத்த தொகையை மொத்தமாகக் கட்டித்தான் முடித்தேன். முதல் முறை ஏமாந்தேன், இரண்டாவது முறைதான் உருப்படியாக முடிந்தது.

1. இது உங்களுக்கான வழிதானா?

கிரெடிட் கார்டு, பர்சனல் லோன் போல அடமானம் இல்லாத கடனுக்குத்தான் இந்தப் பேரம் எடுபடும். நகைக்கடனில் நகை அவர்கள் கையில் இருக்கிறது, எதற்கு இறங்கி வரப்போகிறார்கள்? தவணை 90 நாள் தாண்டி வாராக்கடன் ஆன பிறகுதான் வங்கியும் பொதுவாகப் பேச வரும். அதற்காக வேண்டுமென்றே கட்டாமல் விடுவது கெடுதல். மாதம் கொஞ்சமாவது கட்ட முடிகிறவர்கள் பாக்கியை இஎம்ஐயாக மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதே மேல்.

2. கணக்கைப் பிரித்துப் பாருங்கள்

ஸ்டேட்மென்ட்களை எல்லாம் எடுத்து அசல், வட்டி, தாமதக் கட்டணம், ஜிஎஸ்டி என்று தனித்தனியாக எழுதுங்கள். என் பாக்கி 1,86,000 ரூபாய் என்றார்கள். உட்கார்ந்து கூட்டினால் நான் செலவு செய்தது 1,12,000 தான். மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் வருடத்துக்கு 42 சதவீதம், அந்த வட்டிக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. குட்டி போடாமல் என்ன செய்யும்? அசல் எவ்வளவு என்று தெரியாமல் பேரத்தில் உட்காராதீர்கள்.

3. பணம் கையில் இருக்கட்டும்

"ஒரு வாரத்தில் கட்டுகிறேன்" என்று சொல்ல முடிந்தால்தான் தொகை இறங்கும். கந்துவட்டிக்கு வாங்கி இதைக் கட்டாதீர்கள், கிணற்றிலிருந்து தப்பிக் கடலில் விழுந்த கதைதான். திரட்டிய பணத்தைக் கடன் கொடுத்த அதே வங்கியின் சேமிப்புக் கணக்கில் போட்டு வைக்கவும் வேண்டாம். பாக்கிக்கு என்று அவர்களே எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

4. பேரம்

முதலில் வங்கிக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். வேலை போனதோ மருத்துவச் செலவோ, காரணத்தைச் சொல்லி ஆதாரத்தையும் இணையுங்கள். அப்புறம் போனில் பேச்சு நடக்கும். என் பேச்சு ஏறக்குறைய இப்படிப் போனது:

"1,30,000 கட்டிருங்க சார், முடிச்சிரலாம்."

"என்னால 60,000 தாங்க முடியும். அதுவும் அக்கா கொடுக்கிறது."

"அதெல்லாம் மேல ஒத்துக்க மாட்டாங்க சார். இன்னைக்குத்தான் கடைசி நாள்."

அந்தக் கடைசி நாள் எனக்கு நான்கு முறை வந்தது. மார்ச் மாதக் கடைசியில் 78,000-க்கு ஒத்துக்கொண்டார்கள். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் வசூல் அழைப்பு கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மிரட்டினால் தேதி, நேரம், நம்பரைக் குறித்து வையுங்கள். வங்கியிடம் புகார் கொடுத்து 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர் அதிகாரி) போகலாம். தகவலுக்கு 14448.

5. கடிதம் வராமல் காசு கொடுக்காதீர்கள்

நான் கோட்டை விட்டது இங்கேதான். முதல் முறை "டோக்கன் அமவுண்ட்" என்று ஒரு ஏஜென்ட் கேட்டார், 20,000 கட்டினேன். அது வட்டியில் கரைந்தது. செட்டில்மென்ட் என்ற பேச்சே பதிவில் இல்லை என்றார்கள்.

கடிதம் வங்கியின் லெட்டர்ஹெட்டில், வங்கியின் மெயில் ஐடியிலிருந்து வர வேண்டும். கார்டு எண்ணின் கடைசி நான்கு இலக்கம், எண்ணிலும் எழுத்திலும் தொகை, கட்ட வேண்டிய கெடு, இது முழுமையான இறுதித் தீர்வு, மீதி தள்ளுபடி என்ற வாசகம் இவ்வளவும் இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கு நடந்தால் வாபஸ் பற்றியும் எழுதி வாங்குங்கள். பிறகு வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்து, கடிதம் உண்மைதானா என்று கேளுங்கள். பணம் நேராகக் கார்டு கணக்குக்குப் போகட்டும், ஏஜென்ட்டின் சொந்த யுபிஐக்கு அல்ல. கெடு ஒரு நாள் தப்பினாலும் சலுகை செல்லாது என்று சொல்லிவிடலாம்.

வழக்கு கோர்ட்டில் இருந்தால் லோக் அதாலத்திலும் (மக்கள் நீதிமன்றம்) முடிக்கலாம். அங்கே போடும் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது, அதனால் கையெழுத்துக்கு முன் நன்றாகப் படியுங்கள்.

6. கட்டிய பிறகு

என்ஓசி, அதாவது பாக்கி இல்லை என்ற சான்று, வாங்குங்கள். பாதுகாப்புக்கென்று கொடுத்த செக் இருந்தால் திரும்பக் கேளுங்கள், ஆட்டோ டெபிட்டை ரத்து செய்யுங்கள்.

நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபிலில் "க்ளோஸ்டு" என்று வராது, "செட்டில்டு" என்றுதான் வரும். ஸ்கோர் அடி வாங்கும், புதுக் கடன் கேட்டால் வங்கிகள் யோசிக்கும். 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி, அதே வங்கி குறைந்தது 12 மாதத்துக்கு உங்களுக்குப் புதுக் கடன் தர முடியாது. சிபில் அறிக்கை வருடத்துக்கு ஒருமுறை இலவசம். இரண்டு மாதம் கழித்து எடுத்து, பாக்கி பூஜ்யம் என்று பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தையும் ரசீதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டு வருடம் கழித்து வேறொரு ஏஜென்ட் எனக்குப் போன் செய்து, "பாக்கி ஒரு லட்சம் இருக்கு சார்" என்றார். இரண்டையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை.