மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்குங்கள்

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதில் தன்னார்வலராக வீடு வீடாகப் போகிறவள் நான். புதிதாக வரும் தங்கைகளுக்குப் பிரஷர் பற்றி மட்டும் சொல்கிறேன்.

காலையில் போகாதீர்கள். நூறு நாள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். மாலையில் போனாலும் உடனே கருவியை எடுக்க வேண்டாம். விறகுச் சுமையை அப்போதுதான் இறக்கிவைத்த ஒரு பாட்டிக்கு நான் அவசரமாகப் பார்த்தேன், 170 காட்டியது. பயத்தில் அன்றிரவு அவர் தூங்கவில்லை. மறுநாள் உட்கார வைத்துப் பார்த்தபோது 136. அது என் தவறு, இன்றும் உறுத்துகிறது.

ஐந்து நிமிடம் சும்மா உட்காரட்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பட வேண்டும், கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். பட்டையைச் சேலைக்கோ சட்டைக்கோ மேல் சுற்றாதீர்கள். டீ குடித்திருந்தால் அரை மணி நேரம் பொறுங்கள். பார்க்கும்போது நீங்களும் பேசாதீர்கள். ஒரு நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள்.

180/120-க்கு மேல் இருந்து, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், கை கால் இழுப்பு எதுவும் இருந்தால் அந்த நொடியே 108-ஐ அழையுங்கள்.

"மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். அட்டையைக் கொண்டுவரச் சொல்லி எண்ணிப் பாருங்கள். மிச்சம் இருந்தால் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை அட்டையை ஒளித்துவிடுவார்கள். ஏன் என்று கேளுங்கள். "பிரஷர்தான் குறைந்துவிட்டதே, இன்னும் எதற்கு?" என்பதே பெரும்பாலும் பதிலாக வரும். மாத்திரையால்தான் குறைந்தது, டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் மறுபடி ஏறும் என்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். ஒரு மாத்திரையைக் கணவனும் மனைவியும் பாதி பாதியாகப் பங்கு போட்ட வீட்டையும் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவுக்கும் தனிப் பதிவு போட்டு, மருத்துவரிடம் காட்டி வைத்தேன்.

உப்பைப் பற்றிச் சமைக்கிறவரிடம்தான் பேச வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும். கிராம் கணக்கு யாருக்கும் பிடிபடாது. நான்கு பேர் இருக்கும் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் ஐம்பது நாளாவது வருகிறதா என்று கேளுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இதற்கு மேல் வருகிற உப்பு என்பதையும் சொல்லுங்கள். களிக்குத் தொட்டுக்கொள்ளும் குழம்பில் ஒரு சிட்டிகை குறைத்தால் முதல் வாரம் முணுமுணுப்பார்கள், பிறகு நாக்கு பழகிவிடும்.

கிளம்பும் முன், அடுத்து வரும் நாளை அவர்கள் வீட்டு நாட்காட்டியிலேயே வட்டமிட்டுவிட்டு வாருங்கள்.