விலையை யார் கொடுப்பது? கொள்கை எழுத உட்காரும் தம்பிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்ப் பக்கத்துக் கல்லூரி விடுதிகளிலும் ராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரத்துத் தோல், ஷூ கம்பெனிகளிலும் இளைஞர்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. தன் வாழ்க்கைக்குத் தேவையான கொள்கையைத் தானே யோசித்து எழுதிக்கொள்ள ஒருவனுக்கு உதவ வேண்டும், அவ்வளவுதான். ஒரு நோட்டும் ஞாயிற்றுக்கிழமைக் காலையும் போதும். ஆனால் எந்தக் குழுவில் உட்கார்ந்தாலும் அதே தவறுகள் வந்து நிற்கின்றன. எங்கள் வயதுக்காரர்கள் இளமையில் செய்தவைதான், ஒன்று விடாமல். போன மாதம் ஒரு தம்பியின் நோட்டில் முதல் வரியாகவே இருந்தது: "உயிர் நண்பன் கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டேன்." அதைப் படித்ததும் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

குடிக்காதே, பொய் சொல்லாதே என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அது தெரியாதவர் யாரும் இல்லை. நல்ல மனசோடு, உண்மையாகவே திருந்தி வாழ வேண்டும் என்று உட்காருகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதுதான் என் கவலை.

பெரிய சொற்களை எழுதிவிட்டு எழுந்து போவது

நேர்மை, தைரியம், மரியாதை, விசுவாசம். முதல் பக்கத்தில் எல்லோரும் இதைத்தான் எழுதுகிறார்கள். இவற்றை யாரும் மறுக்க மாட்டார்கள், அதனால் இவை யாரையும் கட்டுப்படுத்துவதும் இல்லை. நாளைக் காலை வேலைக்குப் போனதும் அந்த நேர்மை உங்களை என்ன செய்யச் சொல்லும்? பதில் வராவிட்டால் எழுதியது இன்னும் முடியவில்லை.

ஆட்டோ ஓட்டும் ஒரு தம்பி எழுதியதை எல்லாக் குழுவிலும் சொல்கிறேன். வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரிக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் நோயாளிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். காட்பாடி ஜங்ஷனில் இறங்கும்போது அவர்களுக்குப் பாஷையும் தெரியாது, தூரமும் தெரியாது. அவன் 'நேர்மை' என்ற சொல்லை அடித்துவிட்டு இப்படி எழுதினான்: "காட்பாடியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நம்ம ஊர்க்காரரிடம் என்ன கேட்பேனோ, அதையேதான் வங்காளத்துக்காரரிடமும் கேட்பேன்." இது கொள்கை. செய்தானா இல்லையா என்று ராத்திரி அவனுக்கே தெரியும்.

பட்டியலை நீட்டுவது

இருபது, முப்பது வரி எழுதி வருகிறார்கள். அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன்னைத் திருத்திக்கொள்ளப் பதின்மூன்று குணங்களை எழுதி வைத்திருந்தார். அதையும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு ஓடவில்லை. வாரத்துக்கு ஒரு குணத்தில் கவனம், பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று, வருஷத்துக்கு நான்கு சுற்று என்று பிரித்துக்கொண்டார். சின்ன நோட்டில் ஏழு நாளைக்கும் கட்டம் போட்டு, தவறிய இடத்தில் கறுப்புப் புள்ளி வைத்தார். அப்படியும் 'ஒழுங்கு' என்ற குணம் தனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்கு மூன்று வரி போதும்.

வீடியோவைப் பார்த்து எழுதுவது

அடக்கி ஆளும் 'ஆல்ஃபா' ஆணாக இரு, தனித்தே நிற்கும் 'சிக்மா' ஆணாக இரு, காலை நான்கு மணிக்கு எழுந்திரு, யாரையும் நம்பாதே. அந்த வரிகளை எழுதியவனுக்கு உங்கள் அப்பாவைத் தெரியாது, உங்கள் கடனும் தெரியாது. ஸ்டோயிக் (எது வந்தாலும் கலங்காமல் இருக்கச் சொல்லும் பழைய கிரேக்கத் தத்துவம்) என்று சொல்லி மேற்கோள்களை அடுக்கும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். அவர்கள் கொண்டாடும் ரோமப் பேரரசர் மார்க்கஸ் ஆரேலியஸ் தனக்காக எழுதிக்கொண்ட குறிப்புகளின் முதல் பகுதி முழுவதும், யாரிடமிருந்து எதைக் கற்றேன் என்ற கணக்குதான். தாத்தா, அம்மா, வளர்த்தவர், ஆசிரியர் என்று ஒவ்வொருவராக வருகிறார்கள். அப்படித் தொடங்குங்கள். உங்கள் ஊரில் நீங்கள் உண்மையாக மதிக்கும் நான்கு பேர் யார், அவர்கள் செய்த எந்தக் காரியத்துக்காக மதிக்கிறீர்கள்? உங்கள் கொள்கை அங்கேதான் இருக்கிறது.

கோபத்தில் எழுதுவது

ஒரு வாரம் போகட்டும்.

விலையை வேறொருவர் தலையில் கட்டுவது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

குடியாத்தம் பக்கத்துத் தம்பி ஒருவன், நல்ல உழைப்பாளி. அவனுடைய முதல் கொள்கை, "நட்புக்காக எதையும் செய்வேன்." கூடப் படித்தவன் லோடு ஆட்டோ வாங்கக் கடன் எடுத்தபோது ஜாமீன் கையெழுத்துப் போட்டான். வீட்டில் சொல்லவில்லை. பிறகு நான் கேட்டபோது, "ஒரு கையெழுத்துதானே அண்ணா, காசா கேட்டான்?" என்றான். நண்பன் சில மாதம் தவணை கட்டினான், அப்புறம் ஓசூர்ப் பக்கம் வேலைக்குப் போனான், அப்புறம் போன் ஸ்விட்ச் ஆஃப். நோட்டீஸ் வந்தபோது பிரித்துப் படித்தது இவன் மனைவிதான். அவளுடைய வளையலும் செயினும் அடகுக் கடைக்குப் போயின. அவளை யாரும் கேட்கவில்லை. பெருமை இவனுக்கு, வாகனம் நண்பனுக்கு, கடன் மட்டும் அவளுக்கு.

ஜாமீன் என்றால் என்னவென்று தெரியாமலேயே பலர் போடுகிறார்கள், அதனால் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-ஆவது பிரிவு: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதப்படாவிட்டால், கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. "முதலில் அவனைத் தேடிப் பிடியுங்கள், கிடைக்காவிட்டால் என்னிடம் வாருங்கள்" என்று சொல்ல முடியாது. கடன் கொடுத்தவர் நேராக உங்களிடமே வரலாம். தவணை தவறினால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கும் உங்கள் சிபில் கணக்கும் கெடும். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும். நீங்கள் கட்டிய பணத்தை நண்பனிடமிருந்து வசூலிக்கச் சட்டத்தில் உரிமை உண்டுதான். ஆனால் போனையே எடுக்காதவனிடம் அந்த உரிமையை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் கோர்ட்டுக்கு அலைவீர்கள்?

நட்பு பெரிய விஷயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நண்பனுக்கு ராத்திரியில் ரத்தம் கொடுக்க ஓடுகிறவர்களை, தன் சம்பளத்தில் பாதியை எடுத்துக் கொடுக்கிறவர்களை வணங்குகிறேன். அவர்கள் தங்கள் உடம்பிலிருந்தும் தங்கள் பையிலிருந்தும் கொடுக்கிறார்கள். அடுத்தவரிடமிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு அதைக் கொள்கை என்று சொல்லிக்கொள்வதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வேலூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரு வரலாறு கைகொடுக்கிறது. சி.எம்.சி.யைத் தொடங்கிய அமெரிக்கப் பெண்மணி ஐடா ஸ்கடர் டாக்டர் ஆவதற்கு முன்னால், 1890-களில், திண்டிவனத்தில் பெற்றோரோடு தங்கியிருந்த சமயம். ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று பேரின் மனைவிமாரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஐடாவின் அப்பா டாக்டர்தான், வரத் தயாராகவும் இருந்தார். ஆனால் ஓர் ஆண் வந்து தங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதை அந்த மூவராலும் ஏற்க முடியவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்தார். 1900-இல் வேலூருக்குத் திரும்பி ஒரே ஒரு கட்டிலோடு சிகிச்சையைத் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி ஆரம்பித்தார். இன்றைய சி.எம்.சி. அப்படி வந்ததுதான்.

அந்த மூன்று பேரையும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நடுராத்திரியில் பதறி ஓடி வந்தவர்கள். அவர்களிடம் கொள்கை இருந்தது, அதில் உறுதியாகவும் இருந்தார்கள். விலை கொடுத்தது மட்டும் உள்ளே படுத்திருந்தவள்.

இதே வேலூர்க் கோட்டையில் 1806-இல் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நெற்றியில் குறி வைக்கக் கூடாது, தாடி கூடாது, புது மாதிரித் தலைப்பாகைதான் அணிய வேண்டும் என்று கிழக்கிந்தியக் கம்பெனிப் படை உத்தரவு போட்டது. ஜூலைப் புரட்சிக்கு முன்பே, மே மாதத்தில், மாட்டோம் என்று மறுத்த சிப்பாய்கள் உண்டு. சவுக்கடியும் வேலைநீக்கமும் அவர்கள் மேலேயே விழுந்தன. தங்கள் கொள்கைக்கான விலையைத் தங்கள் முதுகில் வாங்கினார்கள்.

அதனால் ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் ஒரு கேள்வி எழுதச் சொல்கிறேன்: இதை நான் காப்பாற்றினால் நஷ்டம் யாருக்கு? பெயரோடு எழுத வேண்டும்.

"குடும்ப மானத்தைக் காப்பேன்" என்று எழுதியவன் இந்தக் கேள்விக்குப் பதிலாகத் தங்கையின் பெயரை எழுதினான். அவளுடைய போன், படிப்பு, அவள் வெளியே போகும் நேரம் எல்லாமே அதில் அடக்கம். "அநியாயத்தைக் கண்டால் பொறுக்க மாட்டேன்" என்று எழுதியவன் சூப்பர்வைசரோடு சண்டை போட்டுக்கொண்டு கம்பெனி மாற்றிக்கொண்டே இருக்கிறான். வாடகையைக் கட்டுவது ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காரும் மனைவி. இன்னொருவன் "பெண் வீட்டில் ஒரு ரூபாய் வாங்க மாட்டேன்" என்று எழுதினான். வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது அவனுக்குத் தெரியும், ஆனால் அவன் சட்டத்துக்காக எழுதவில்லை. அம்மாவோடும் பெரியப்பாவோடும் பேச வேண்டியதை இவனே போய்ப் பேசினான், திட்டையும் இவனே வாங்கிக்கொண்டான். "நீயே உங்க வீட்ல சொல்லிடு" என்று அந்தப் பெண் தலையில் கட்டவில்லை. அது அவனுடைய கொள்கை, சந்தேகமே இல்லை.

குடியாத்தத்துத் தம்பி பிறகு மாற்றி எழுதினான்: "நண்பன் கேட்டால் கையில் இருக்கும் பணத்தைத் தருவேன், திரும்பி வராது என்று நினைத்தே தருவேன். ஜாமீன் போட மாட்டேன். எதைத் தந்தாலும் வீட்டில் சொல்லிவிட்டுத் தருவேன்." மனைவியை உட்காரவைத்துப் படித்துக் காட்டினான். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள் செய்ய வேண்டியது வேறு. கடன் பத்திரத்தின் நகலை வாங்கி வையுங்கள், தவணை ஒழுங்காகப் போகிறதா என்று மாதாமாதம் கேளுங்கள், இன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

"ஆம்பளைன்னா அழக் கூடாது"

இதை அடித்துவிடுங்கள். யாரிடமும் பேச முடியாமல் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருந்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். நேரில் போக வேண்டுமென்றால் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது.

ஸ்டேட்டஸில் போடுவது

வேண்டாம்.

யாரிடமும் காட்டாமல் முடித்துவிடுவது

ஊருக்குக் காட்ட வேண்டாம் என்றேன், ஒருவரிடம் காட்டத்தான் வேண்டும். ஃபிராங்க்ளினின் பட்டியலில் முதலில் பன்னிரண்டு குணங்கள்தான் இருந்தன. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த நண்பர் ஒருவர், "உனக்குக் கர்வம் அதிகம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள்" என்று உதாரணங்களோடு சொன்ன பிறகுதான் பணிவு பதின்மூன்றாவதாகச் சேர்ந்தது. அவருக்குத் தானாக அது தெரியவில்லை.

யாரிடம் காட்டுவது என்று கேட்கிறார்கள். கூடக் குடிக்கிறவனிடம் வேண்டாம், புகழ்கிறவனிடமும் வேண்டாம். விலை கொடுக்கிறவர்களின் பெயர்களை எழுதினீர்களே, அதில் யார் பெயர் அதிகம் வருகிறதோ அவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் அம்மாவாகவோ மனைவியாகவோ அக்காவாகவோ இருப்பார். அவர் படிக்கும்போது எந்த வரியில் தயங்கி நிற்கிறாரோ, அந்த வரியை அவர் சொல்கிறபடி ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

ஒருமுறை எழுதியதை மாற்றவே கூடாது என்று நினைப்பது

கல்யாணம் ஆனதும் ஒருமுறை, குழந்தை பிறந்ததும் ஒருமுறை, அப்பா போன பிறகு ஒருமுறை எடுத்துப் படியுங்கள். பழைய வரியைக் கிழித்துப் போடாமல், படிக்கிற மாதிரி ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் தேதியும் காரணமும் எழுதுங்கள். காரணம் எழுத வரவில்லை என்றால் அந்த வரியை இப்போதைக்குத் தொட வேண்டாம். செய்யக் கஷ்டமாக இருக்கிறது என்பதற்காக அடிக்கிறீர்களா, தப்பு என்று தெரிந்து அடிக்கிறீர்களா என்பதை அந்தக் காரணத்தைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம்.