எண்ணெய் ஏற்றுமதி நாடுகளில் உலக விலை அதிர்ச்சியின் தடத்தைப் பின்தொடர்வது எப்படி?

முதலில் அந்நாட்டு நாணயம் டாலருடன் எவ்வாறு பிணைக்கப்பட்டுள்ளது என்று பாருங்கள். பெரும்பாலும் விடையில் பாதி அங்கேயே கிடைத்துவிடும். சவூதி ரியால் 1986 முதல் ஒரு டாலருக்கு 3.75 என்றே நிலைநிறுத்தப்பட்டிருப்பதால், கச்சா எண்ணெய் விலை சரிந்தாலும் அங்கே இறக்குமதிப் பொருள்களின் விலை உடனே ஏறுவதில்லை; அடி அரசின் வருவாயில் விழுகிறது. 2018 ஜனவரியில் 5 சதவீதமாக அறிமுகமான மதிப்புக் கூட்டு வரி, கொரோனா காலத்தில் எண்ணெய் வருவாய் சுருங்கியபின், 2020 ஜூலையில் 15 சதவீதமாக உயர்ந்தது. அதிர்ச்சி, வரியாக உருவெடுத்துக் கடைக்கு வந்து சேர்ந்தது. கஜகஸ்தானோ, எண்ணெய் விலை சரிந்திருந்த 2015 ஆகஸ்டில், தன் நாணயமான டெங்கேயை அதன் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கும்படி மிதக்க விட்டது. மதிப்பு ஒரே நாளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வீழ்ந்ததால், இறக்குமதி விலையேற்றம் நேராக மக்களைத் தாக்கியது. எண்ணெய் மலிந்தால் விலைவாசி குறையும் என்ற பொது எண்ணம் இத்தகைய நாடுகளில் தலைகீழாவது இதனால்தான்.

அடுத்து, நுகர்வோர் விலைக் குறியீட்டை (மக்கள் வாங்கும் பொருள், சேவைகளின் விலை மாற்றத்தைக் காட்டும் எண்) மொத்தமாகப் பார்க்காமல் உணவு, போக்குவரத்து, வாடகை எனப் பிரித்து, மாதவாரியாக உலக விலைகளுடன் ஒப்பிடுங்கள். கோதுமையும் அரிசியும் வெளியிலிருந்து வரும் நாட்டில் உணவு விலை உலகச் சந்தையைச் சில மாதத் தாமதத்துடன் பின்தொடரும். வாடகையின் கதை வேறு: வீட்டை இறக்குமதி செய்ய முடியாது, ஆகவே எண்ணெய்ப் பணம் பெருகி அரசுச் செலவு விரியும்போது அதுவே எகிறும். 2008 வரையிலான ஏற்றத்தில் கத்தாரில் நடந்தது அதுதான்.

எரிபொருள் மானியத்தைத் தனியே கவனியுங்கள். நைஜீரியா 2023இல் பெட்ரோல் மானியத்தை நீக்கியபோது விலை சில நாள்களிலேயே இரு மடங்குக்கு மேல் சென்றது. அந்த உயர்வை உலகச் சந்தையின் கணக்கில் எழுதினால் ஆய்வு பிழையாகிவிடும்.