காரின் பின் சீட்டைக் கழற்றி மாட்டுவது எப்படி?

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. அந்த மழையில் கடலூரில் எங்கள் தெருவில் நின்ற தண்ணீர் காருக்குள்ளும் வந்துவிட்டது. துடைத்து, நாலு நாள் வெயிலில் போட்டும் வாடை போகவில்லை. பின் சீட்டைத் தூக்கிய பிறகுதான் காரணம் தெரிந்தது. கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சு சொதசொதவென்று ஊறிக் கிடந்தது. ஓரத்தில் சில்வர் பீச் மணல் கட்டியாக இறுகி, அதன் கீழே தகட்டில் துரு பிடிக்க ஆரம்பித்திருந்தது. உப்புக் காற்று அடிக்கும் ஊரில் இந்த இடத்தை ஈரமாக விடவே கூடாது.

10, 12, 14, 17 எண் சாக்கெட்டுகள், அவற்றைத் திருகும் ராட்செட் கைப்பிடி, டார்ச், போல்ட் போட ஒரு கிண்ணம், இவை போதும். சில கார்களில் சீட் பெல்ட் போல்ட்டுக்கு நட்சத்திரத் தலை இருக்கும். அதற்குரிய பிட்டும் வேண்டும். சாவியை எடுத்துவிடுங்கள். கழற்றும் முன் ஒவ்வொரு இடத்தையும் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் உட்காரும் பகுதி. நிறைய கார்களில் அதன் முன் விளிம்பை இரண்டு க்ளிப் பிடித்திருக்கும். விளிம்புக்கு அடியில் கைவிட்டு, க்ளிப் இருக்கும் இடத்திலேயே பிடித்து மேலே வெடுக்கென்று இழுங்கள். ‘டக்’ என்று விடும். நடுவில் பிடித்து இழுத்தால் கம்பி வளைந்துவிடும். மடங்கும் சீட் என்றால் முன்னால் கீலில் போல்ட் இருக்கும். ஒயர் தெரிந்தால் இழுக்காதீர்கள். ஒயர் இணைப்பில் உள்ள கொக்கியை அழுத்தித்தான் பிரிக்க வேண்டும். மஞ்சள் நிற ஒயர் ஏர்பேக்குக்குப் போவது. அதைத் தொடாமல் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

அடுத்து சாய்மானம். கீழே உள்ள போல்ட்டுகளைக் கழற்றி, முழுவதையும் மேலே தூக்கினால் பின்னால் இருக்கும் கொக்கியிலிருந்து விடுபடும். கனமாக இருக்கும், ஆள் துணை வைத்துக்கொள்ளுங்கள்.

பல பெட்ரோல் கார்களில் டேங்க்கில் உள்ள பெட்ரோல் பம்ப்பின் மூடி இந்த சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. பக்கத்தில் சிகரெட், தீக்குச்சி எதுவும் வேண்டாம். கார்பெட்டைத் தூக்கி நிறுத்தி, ஃபேன் போட்டு, தகடு நன்றாகக் காயும்வரை விடுங்கள். எங்களுக்கு மூன்று நாள் ஆனது.

மாட்டும்போது சாய்மானம் முதலில், உட்காரும் பகுதி கடைசியில். அதற்கு முன் பெல்ட் பக்கிள் எல்லாவற்றையும் மேலே எடுத்துவிடுங்கள். நான் முதல் முறை ஒன்றை அடியில் மாட்டவிட்டு, மறுபடி எல்லாம் கழற்ற வேண்டியதாயிற்று. போல்ட்டை முதலில் கையாலேயே நாலு சுற்று திருகுங்கள். கோணலாக ஏறினால் மரை போய்விடும். பெல்ட் போல்ட்டை மட்டும் குத்துமதிப்பாக விடாதீர்கள். பிள்ளைகள் உட்காரும் இடம் அது. உங்கள் கார் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பேனர்) வைத்து முறுக்குங்கள். ரெஞ்ச் இல்லையா, மெக்கானிக்கிடம் காட்டி முறுக்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒவ்வொரு பெல்ட்டையும் மாட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள், பூட்டிக்கொள்ள வேண்டும். சீட்டை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினால் அசையக் கூடாது.